சக்கரம் நிற்க வேண்டிய இடம்

சனிக்கிழமை கிழக்கு வெளுப்பதற்கு முன்பே பீளமேட்டிலிருந்து வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. பட்டன் டயர் போட்ட தார், கூரைமேல் கூடாரம் மடித்துக் கட்டிய ஜிம்னி, எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்து மறுபடி பட்டறையில் உயிர்பெற்ற பழைய மேஜர் ஜீப்பு என்று அவிநாசி சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சில மேற்கே ஆனைகட்டிப் பக்கம், சில வடக்கே மேட்டுப்பாளையம், மீதி தெற்கே பொள்ளாச்சி. எந்தத் திசையில் போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் மலையடிவாரம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவு அவற்றில் பல, கதவின் நிறமே தெரியாத அளவுக்குச் சேறு பூசிக்கொண்டு திரும்பும். அந்தச் சேறு யாருடைய மண் என்பதுதான் எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆவணி மாதத்தில் மைத்துனனோடு அவனுடைய ஜீப்பில் கிளம்பினேன்.

கோவைக்கு இயந்திரத்தின் மேல் இருக்கும் பாசம் நேற்று வந்ததல்ல. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தன் தொழிலைத் தொடங்கினார். பீளமேட்டில் 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அக்கம்பக்கத்துத் தெருக்களில் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் மோட்டார் பம்பு செய்யும் கூடங்களும் பெருகின. மாருதி இஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கிய எஸ். கரிவரதன் கோவைக்காரர். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்த பிறகு செட்டிபாளையத்தில் அமைந்த பந்தய ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு இளைஞன் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கினால், அதைத் தார்ச்சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருக்க அவனுக்கு மனம் வராது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். மண்ணும் இஞ்சினும் மல்லுக்கட்டும்போது கைக்கும் காலுக்கும் கிடைக்கும் பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

முதலில் மலைக்குப் போகவில்லை. பல்லடத்துக்குத் தெற்கே கேத்தனூர்ப் பக்கம் போனோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று தடையில்லாமல் பாயும் மேட்டு நிலம் அது. அதனால்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் நின்று சுழல்கின்றன. அந்தக் கோபுரங்களையும் நீண்ட இறக்கைகளையும் ஏற்றிவந்த வண்டிகளுக்காகப் போட்ட மண்பாதைகள், காற்றாலைகள் எழுந்த பிறகும் அப்படியே கிடக்கின்றன. தேசிய அளவிலான ரேலி ஆஃப் கோயம்புத்தூர் பந்தயத்தின் கட்டங்கள் இந்தக் காற்றாலைப் பாதைகளில் நடந்திருக்கின்றன. பந்தயக்காரர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. இறுகிய செம்மண், சரளை, திடீர் வளைவுகள், எதிரே வருவது தூரத்திலேயே தெரியும் வெட்டவெளி.

நாங்கள் ஓட்டியது பந்தயப் பாதையில் அல்ல, மைத்துனனுக்குத் தெரிந்த ஒருவரின் மேட்டாங்காட்டில். பல வருஷமாக உழவு காணாத நிலம். ஓரத்தில் மண் எடுத்த பள்ளம் ஒன்று, அதற்குப் பின்னால் கல்குழி. நிலக்காரர் களத்து மேட்டில் கட்டில் போட்டு உட்கார்ந்து, “பாத்து ஓட்டுங்க, கெணத்துப் பக்கம் மட்டும் போயராதீங்க” என்று ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டோம். காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் படிந்து மண்ணைப் பரவலாகப் பிடிக்கும்; பொத பொதவென்ற இடத்தில் புதையாது. பிறகு ஃபோர் வீலில் போட்டு, லோ கியரில், ஆக்சிலரேட்டரை ஏறக்குறைய தொடாமலேயே பள்ளத்தில் இறங்கினோம். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது. முதல் கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காமல் வந்த தடத்திலேயே நேராகப் பின்னுக்கு இறங்க வேண்டும். திருப்பினால் உருண்டுவிடும். மைத்துனன் இதையெல்லாம் எனக்கு வாயால் சொல்லவில்லை. “கிளச்ச வுடுங்க மச்சான், அதுவே ஏறும்” என்பதோடு சரி. அது ஏறியது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, மற்ற மூன்றும் கல்லைக் கவ்வி மெல்ல மெல்ல மேலே வந்தபோது நான் சத்தமாகவே சிரித்தேன். பக்கத்து நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார்.

மேட்டாங்காட்டைப் புகழ்வதால் அங்கே எங்கும் வண்டி விடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துக் கொறங்காடு மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் தரிசாகத் தெரியும். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. அந்தப் புல்லின் மேல் சக்கரம் ஏறினால் மாட்டின் வாயிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். வண்டிக்கு ஏற்றது மண் எடுத்த குழி, கைவிட்ட கல்குவாரி, காற்றாலைப் பாதை ஆகியவைதாம். இட்டேரிகள்கூட இருபுறமும் வேலி நெருங்கிய குறுகலான தடங்கள். அவற்றை வண்டி மாட்டுக்கும் உழவருக்குமே விட்டுவிட வேண்டும்.

அங்கிருந்து டாப்ஸ்லிப் மலைக்குக் கிளம்பி, மதியம் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தோம். ஆனைமலை ஊரில் மாசாணியம்மன் கோயிலைக் கடக்கும்போது கார்களும் வேன்களும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. அநியாயத்துக்கு ஆளானவர்கள் இங்கே வந்து நீதிக் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுவார்கள். வேட்டைக்காரன்புதூர் தாண்டினால் இருபுறமும் தென்னந்தோப்பு. சேத்துமடைக்கு அருகே, மலைக்குள்ளிருந்து வரும் நீர் சர்க்கார்பதி மின்நிலையத்தில் விழுந்து, காண்டூர்க் கால்வாயாகி மலையின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு திருமூர்த்தி அணைக்குப் போகிறது. பி.ஏ.பி. என்று எல்லாரும் சொல்லும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் அது. கேத்தனூர் வழியெங்கும் நாங்கள் கண்ட வறண்ட சீமைக்கு இந்த மலை அனுப்பும் நீர்தான் பல இடங்களில் பாசனம். மலையில் மண் கரைந்தால் கீழே வாய்க்கால் தூர்ந்துபோகும். ஆகவே இது காட்டைப் பற்றி மட்டுமான பேச்சாக எனக்குப் படவில்லை.

சேத்துமடைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில், மது, தீப்பற்றும் பொருள் எதற்கும் இடமில்லை. முன்பதிவுச் சீட்டைப் பார்த்து, பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொண்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் ஒருவர், மேலே கூடாரம் போட்டுத் தங்க அனுமதி கேட்டார். “காட்டுக்குள்ள டென்ட்டு கெடையாதுங்க சார், கட்டடத்துலதான் தங்கோணும்” என்று காவலர் பொறுமையாகச் சொன்னார். அவர் மறுபடியும் கேட்டார். காவலர் அதே பொறுமையோடு மறுபடியும் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்குமோ!

மலைப்பாதை ஏறி டாப்ஸ்லிப் சேர்ந்தபோது தூறல். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான், ஆனால் வேறு தேசத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது. அலுவலகத்துக்கு எதிரே புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஜீப்பை நிறுத்தி இஞ்சினை அணைத்ததும் காது அடைத்துக்கொண்டது போன்ற அமைதி. அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை சாவி மைத்துனனின் பையிலேயே இருந்தது. இங்கே சொந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட வேண்டும்; உள்ளே பார்க்க வனத்துறையின் வேன் உண்டு, நடக்க வழிகாட்டி உண்டு.

டாப்ஸ்லிப் என்ற பெயரே மரம் வெட்டிய காலத்தின் நினைவு. மேலே வெட்டிய தேக்கு மரங்களை யானைகளைக் கொண்டு உச்சிவரை இழுத்துவந்து, அங்கிருந்து சரிவில் வழுக்கிவிடுவார்கள்; கீழே சமவெளியில் வண்டி கட்டி எடுத்துப் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனது. ரயில் வந்த பிறகு தண்டவாளக் கட்டைக்கும் மரம் தேவைப்பட்டது. வெட்டிக்கொண்டே போனார்கள். மலை மொட்டையாகத் தொடங்கியது.

இந்த இடத்தில் ஹ்யூகோ வுட் வருகிறார். 1870-இல் பிறந்த ஆங்கிலேய வன அதிகாரி. 1915 முதல் பத்தாண்டுக்கும் மேலாக இந்த மலையில் பணிபுரிந்தார். அடியோடு வெட்டி அழிப்பதை நிறுத்தி, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வளர இடம்கொடுத்து, முறை வைத்து வெட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவரைப் பற்றி இங்கே எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: கால்சட்டைப் பைகளில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு நடப்பாராம், கைத்தடியின் கூரான முனையால் ஈர மண்ணில் குத்துவாராம், அந்தக் குழியில் ஒரு விதை போட்டுவிட்டு அடுத்த அடி வைப்பாராம். 1933-இல் குன்னூரில் இறந்தார். தான் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்ய வேண்டும் என்ற அவர் விருப்பப்படியே டாப்ஸ்லிப்பை ஒட்டிய மவுண்ட் ஸ்டூவர்ட்டில் கல்லறை இருக்கிறது. அவர் குடியிருந்த வீடும் அருகிலேயே உண்டு. கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவன் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள்படும். சுற்றிலும் பார்த்தோம். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்குத் தேக்கு. மழைநீர் அகன்ற இலைகளில் விழுந்து அங்கிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

தேக்குத் தோட்டத்தை இயற்கைக் காடு என்று சொல்ல முடியாது. ஒரே மரத்தை வரிசையாக நட்டது. பழைய காட்டின் நூறு வகை மரங்கள் அதனால் போயின. வுட் அரசாங்கத்துக்கு வருமானம் தேடிக்கொடுக்க வந்த அதிகாரிதான். ஆனாலும் ஆட்சியில் இருந்தவர்கள் மலையை வெறும் மரக்கிடங்காகப் பார்த்த காலத்தில், மறுபடி முளைக்கும் வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற நிதானத்தை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த மரியாதை அவருக்கு உரியது. அவருக்கு முன்னும் பின்னும் மரம் இழுத்த யானைகளுக்கும், அவற்றை நடத்திய மலசர் பழங்குடியினருக்கும், காட்டின் தடமெல்லாம் அறிந்த காடர் பழங்குடியினருக்கும் அதே மரியாதை உரியது. அவர்களுக்குக் கல்லறை எழுத்து எதுவும் இல்லை.

மாலையில் வேனில் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போனோம். உள்ளே போகும் பாதை மண்ணும் கல்லும் கலந்தது. மேட்டாங்காட்டில் லோ கியரில் ஏறிய அதே மாதிரிப் பள்ளங்கள். ஆனால் ஓட்டுநர் அவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இஞ்சின் உறுமாத வேகத்தில், பாதையை விட்டுச் சக்கரம் ஒரு சாண்கூட விலகாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டு ஓட்டினார். ஓர் இடத்தில் காட்டுமாடுகள் ஏழெட்டு, கறுத்த உடம்பும் வெள்ளைக் காலுறை போட்ட கால்களுமாகப் பாதையைக் கடந்தன. அவை எல்லாம் கடந்து முடியும்வரை வேன் அசையவில்லை. கோவையில் தான் பார்த்த ஆஃப்ரோடு ஓட்டுநர்கள் யாருக்கும் இவர் குறைந்தவரல்ல என்று மைத்துனனே சொன்னான்.

முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் வேகவைத்து, வெல்லம் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து வாயில் ஊட்டுகிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் உருண்டையின் கணக்கு வேறு, மருந்து வேறு. பாகன்களில் பெரும்பாலோர் மலசர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொழில். இந்த முகாமின் பெரியவர் கலீம். 1972-இல் சத்தியமங்கலக் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, கும்கியாகி, 99 யானைப் பிடிப்புகளில் பங்கெடுத்தது. 2023 மார்ச்சில் அதற்கு 60 வயதானபோது வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செலுத்தி ஓய்வு கொடுத்தார்கள்.

கலீமைப் பார்த்ததைவிடச் சின்னத்தம்பியின் கதையைக் கேட்டதுதான் எனக்குக் கனமாக இருந்தது. பீளமேட்டுக்காரர்களான எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. தடாகம் பள்ளத்தாக்கில் சுற்றிய யானை அது. பயிருக்குள் வருகிறது என்று 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, இந்த மலையில் வரகளியாற்றுப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். சில நாள்களில் அது மலையிறங்கி உடுமலை, கண்ணாடிப்புத்தூர்க் கரும்புக் காடுகளுக்கு வந்துவிட்டது. மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போனார்கள். யாரையும் அது தாக்கவில்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போன பிறகு, பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்து வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள். இப்போது அது முகாம் யானை. தன் வீட்டை நோக்கி நடந்த ஓர் உயிர், நடுவில் நம் ஊரும் தோட்டமும் சாலையும் வந்துவிட்டதால் சுதந்திரத்தை இழந்தது. காட்டின் ஓரத்தில் நாம் போடும் ஒவ்வொரு புதுப் பாதையும் இந்த நெருக்கத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது.

இரவு தங்கியது வனத்துறையின் ஓய்வு இல்லத்தில். இருட்டிய பிறகு வெளியே நடமாடக் கூடாது என்றார்கள். சோறும் ரசமும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தீ மூட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. வேறு வேலையே இல்லாததால் கேட்கத் தொடங்கினோம். முதலில் சில்வண்டு மட்டும். அரைமணி கழித்து அதற்குள்ளிருந்து மற்றவை பிரிந்து கேட்டன. தூரத்தில் கடமான் ஒரு முறை கத்தியது. வேட்டை விலங்கு எதையோ அது பார்த்திருக்க வேண்டும். புல்வெளியில் மான்கள் இடம் மாறும் சலசலப்பு. மூங்கில் முறியும் சத்தம் ஒன்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று. “ஆனைங்க. மேய்ஞ்சுட்டுப் போயிரும்” என்றார் காவலர். எங்கள் குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

மனிதர்களுக்குப் பகலைக் கொடுத்துவிட்ட விலங்குகளுக்கு மிச்சமிருப்பது இரவுதான். பந்திப்பூர் வழியான சாலையில் 2009-இலிருந்தே இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் தடை வந்தது. கார் முதலிய சிறு வண்டிகள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போகக் கூடாது. தாளவாடிப் பக்கத்து உழவர்களுக்கு அதனால் உண்டான சிரமம் உண்மையானது. அவர்கள் போராடவும் செய்தார்கள். பிழைப்புக்காகச் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்களே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் இரவில், பொழுதுபோக்குக்காக விளக்கைப் போட்டுக்கொண்டு காட்டில் வண்டி ஓட்டுவதை எப்படி ஏற்பது? 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து எரியும் பொருளை எறிந்ததில் காதும் தலையும் வெந்து ஒரு யானை இறந்தது. காட்டோரத்தில் இரவுக் கேளிக்கையைப் பெருக்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

காலையில் வழிகாட்டியோடு நடந்தோம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் உயிரிழந்த பிறகு, அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 தடங்களைத் தேர்ந்து, வழிகாட்டியோடு நடக்கத் திறந்துவிட்டார்கள். டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரைக்குப் போகும் தடமும் அதில் ஒன்று. எங்கள் வழிகாட்டி இந்த மலையிலேயே பிறந்தவர். அட்டை ஏறாமலிருக்கக் காலில் மூக்குப்பொடி தேய்த்துவிட்டார். கருமந்தியின் ஊங்காரம் கேட்ட திசையை விரலால் காட்டினார். இருவாச்சி பறந்தபோது அதன் சிறகோசை எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே நின்றுவிட்டார்.

எனக்கு நான் தேடி வந்த பதிலைக் காட்டியவரும் அவரே. ஓடையோரம் ஒரு சரிவில், எப்போதோ மழைக்காலத்தில் ஏதோ ஒரு வண்டி பாதையை விட்டு இறங்கி ஏறிய தடம் இருந்தது. இரண்டு கோடுகள். மேலே இலைச்சருகு மூடியிருந்தது. அவர் கம்பை இரண்டு இடத்திலும் குத்திக் காட்டினார். பக்கத்து மண்ணில் கம்பு எளிதாக ஒரு சாண் இறங்கியது. சக்கரத் தடத்தில் விரற்கடைகூட இறங்கவில்லை. காட்டு மண் மேலே சருகும், அதன் கீழே மக்கும், மண்புழு குடைந்த துளைகளுமாகப் பொத பொதவென்று இருப்பது. மழை அதில் விழுந்தால் ஊறி மெதுவாக ஓடைக்குப் போகும். டயர் அழுத்தியதும் அந்தத் துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் ஊறாமல் அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. சரிவில் ஓடும்போது மண்ணை அரிக்கிறது. அடுத்தடுத்த மழையில் கோடு வாய்க்காலாகிறது. கேத்தனூரில் டயரில் காற்றைக் குறைத்தது மண்ணைப் பிடிக்க. இங்கே காற்று எவ்வளவு இருந்தாலும் ஒரு டன்னுக்கு மேலான இரும்பின் எடை எடைதான். அதோடு, ஊரிலிருந்து டயர்ச் சேற்றில் ஒட்டிவரும் பார்த்தீனிய விதைகள் காட்டுப் பாதையோரம் விழுந்து முளைக்கும். மான் தின்னும் புல் இருந்த இடத்தை அவை பிடித்துக்கொள்ளும்.

வெளிநாட்டுக் காடுகளில் ஆஃப்ரோடு பூங்காக்கள் இருக்கின்றனவே, நம் ஊரில் ஏன் கூடாது என்று மைத்துனனின் நண்பர்கள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் அவை வந்த கதையைப் பார்க்க வேண்டும். பாலைவனத்திலும் மலையிலும் மக்கள் கண்டபடி ஓட்டி நிலத்தைக் கீறிய பிறகுதான், 1971-இல் கலிபோர்னியா அதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. வண்டி வைத்திருப்பவர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் தனி இடங்கள் ஒதுக்கிப் பராமரித்தார்கள். 1972-இல் அதிபர் நிக்சன், பொது நிலங்களில் எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது என்று வரையறுக்கும்படி ஆணையிட்டார். பூங்கா என்பது அங்கே ஓட்டுகிறவர்களுக்கு இடம் கொடுத்த அதே நேரத்தில் மற்ற நிலத்தைக் காக்கப் போட்ட வேலியும்கூட. அதே 1972-இல்தான் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் 27-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் வெளியார் யாரும் நுழையக் கூடாது என்கிறது. நமக்கு வேலியின் ஒரு பாதி இருக்கிறது. மறு பாதியான ஓட்டும் இடத்தை நாம் இன்னும் சரியாக உண்டாக்கவில்லை. அதனால்தான் சேறு தேடிப் புறப்படும் இளைஞர்கள் மலைப்பக்கமே திரும்புகிறார்கள்.

ஆனைமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது 2007-இல். மையப் பகுதி 958 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெளிவட்டத்தையும் சேர்த்தால் 1,479 சதுர கிலோமீட்டருக்கு மேல். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அதற்குள் அணைகள், தேக்குத் தோட்டங்கள், பழங்குடிக் குடியிருப்புகள், சாலைகள் எல்லாம் அடக்கம். நடுவே வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள். வண்டி விளையாட்டுக்கு ஒதுக்க அதில் ஓர் ஏக்கரும் உபரியாக இல்லை. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் உபரியாக இருப்பவை காலாவதியான கல்குவாரிகளும், மண் எடுத்துவிட்டுப் போட்ட குழிகளும்தாம். அவற்றில் சிலவற்றை வண்டிக்காரர்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுக்கலாம். பந்தயங்களை முறையாக நடத்திப் பழகிய மோட்டார் கழகங்கள் நம்மிடம் உண்டு. கயிறு, முதலுதவி, பயிற்சியாளர், தலைக்கவசம், கூடாரம் போட இடம், கழிப்பறை எல்லாவற்றோடும் ஓர் ஓட்டுமிடம் அமைத்துத் தர அவர்களால் முடியும். நிலக்காரருக்கு வருமானம், பக்கத்துக் கிராமத்துக்குச் சாப்பாட்டுக்கடை வியாபாரம். மாவட்ட நிர்வாகம் அனுமதியை எளிதாக்கிக் கொடுத்தால் போதும்.

டாப்ஸ்லிப் போக நினைக்கிறவர்கள் அறையையும் நடைப்பயணத்தையும் இணையத்தில் முன்பே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இடம் இல்லையென்றால் இன்னொரு வாரம் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சேத்துமடையைத் தாண்டிவிடுங்கள். பிளாஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு மூக்குப்பொடி. டயரில் ஊர்ச் சேறு ஒட்டியிருந்தால் பொள்ளாச்சியிலேயே வாட்டர் சர்வீஸ் விட்டுக்கொள்ளுங்கள். மேலே போனதும் வண்டியைப் பூட்டிவிடுங்கள். ஃபோர் வீலின் பலத்தைப் பார்க்க ஆசையிருந்தால், நிலக்காரரிடம் கேட்டுக்கொண்டு பல்லடத்து மேட்டாங்காட்டுக்கு வாருங்கள்; அங்கே எவ்வளவு சேறு வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம்.